அழித்த திட்டு

தஞ்சோங் ரம்புத்தான் பிற்பகல் வெயிலில் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய அந்த வீட்டின் பின்னறையில் இன்னமும் போகாத ரப்பர் ஒட்டுப்பால் வாடை புளித்துக் கிடக்க, மூலையிலிருந்த மர நாற்காலி மட்டும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்றிருந்தது. செரீனா தொட்ட கையை உதறினாள்.

அந்த அறையில்தான் அவள் ஆராய்ச்சி. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தொலை அகச்சிவப்புப் படங்களில், ஓர் இளம் விண்மீனைச் சுற்றிய தூசி வளையத்துக்குள் கோள் பிறக்கிறதா என்று தேடுகிறாள். தூசியின் மெல்லிய சூடுகூட அந்தப் படங்களில் தெரியும். ஆனால் வளையத்தில் ஒரு கறுப்புத் திட்டு, ஓரத்தைக் கடித்தெடுத்த மாதிரி. துளிச் சூடும் இல்லை. கருவிக் கோளாறு, அழித்துவிடு என்றார் ஆய்வுத் தலைவர். நேற்று மனமில்லாமல் அழித்தாள்.

"ஏர்கோன் காத்து பட்டிருக்கும் லா," என்றான் கணவன் டொமினிக்.

"இங்க ஏர்கோனே இல்லையே!"

தான் வேலைசெய்யும் கமுந்திங் தொழிற்சாலையில் இயந்திரங்களின் சூடு பார்க்கும் கேமராவை எடுத்துவந்து கொடுத்தான். திரையில் அறை முழுக்க மஞ்சளாய் ஒளிர்ந்தது. நாற்காலியில் கறுப்புத் திட்டு. ஓரத்தைக் கடித்தெடுத்த மாதிரி.

"உக்காராதீங்க!"

"சும்மா பயந்துக்கிட்டு..." சிரித்தபடியே உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்கு ஜெபம் வாயில் வரவில்லை, கோபம்தான் வந்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவேன், இது வந்த இடத்துக்கே தொலையட்டும். தலைவர் திட்டட்டும். ஆய்வுக் கட்டுரை நாசமாய்ப் போகட்டும். கணினியில், தொலைநோக்கி அனுப்பியபடியே அவள் கைவைக்காமல் வைத்திருந்த மூலப் படத்தைத் திறந்தாள்.

வளையம் முழுசாக இருந்தது.

திட்டு அங்கே இல்லை.

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. "செரீனா... குளிருது."

கேமராவைத் தூக்கினாள். நாற்காலி மஞ்சள். சுவர் மஞ்சள். டொமினிக் கறுப்பு. முகமும்.

"அவர விடு! தரமாட்டேன்!"

பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். எலும்புவரை குளிர் ஏறியது. திரையில் அந்தக் கறுப்பின்மேல் அவளுடைய விரல்கள் மட்டும் மஞ்சளாய் எரிந்தன.

சுண்டுவிரல் அணைந்தது.

மோதிர விரல்.

அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.