கொக்கியில் தொங்கிய ரேஸ் பிரேம்

உலக வரலாற்றாசிரியர்கள் பேனாவில் மை ஊற்றிக்கொள்ளலாம். 1973 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, காலை 6.10. கோவளம் ஏசுதாஸ் சைக்கிள் கடையின் கொக்கியில் தொங்கிய ரேஸ் சைக்கிள் பிரேமைக் காணவில்லை.

பூட்டு உடையவில்லை. சாவி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தது. அது அங்கேதான் இருக்கும் என்பது ஊர் மொத்தமும் காப்பாற்றி வந்த ரகசியம்.

செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பிலிருந்து ஆஸ்திரேலியா போன ஓர் இன்ஜின் டிரைவர் விற்றுவிட்டுப் போன பிரேம் அது. ஒரு விரலில் தூக்கலாம். இடது கால் சூம்பிய சின்னராசுவால் சாதாரண சைக்கிளை மிதிக்க முடியாது. அவனுக்காக ஏசுதாஸ் இதைத் தினப்படி சைக்கிளாக மாற்றிக்கொண்டிருந்தார். பச்சை பெயிண்ட் அடித்தாகிவிட்டது. நேர் ஹேண்டில்பாரும் தாழ்ந்த சீட்டும் தயார். திங்கட்கிழமை சொந்த சைக்கிளோடு தபாலாபீசில் நின்றால் சின்னராசுவுக்கு வீடு வீடாகத் தந்தி சேர்க்கும் வேலை. இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்திருக்கும் கங்காதரனுக்கு.

8.30-க்கு வந்த ஏட்டு சிங்காரம் நேராகக் கங்காதரன் வீட்டில் புகுந்து, கட்டிலடி வரை தேடினார். ஓர் அடைக்கோழி கொத்தியதுதான் மிச்சம்.

"ஏட்டையா கைய கோழிதான் புடிச்சுது" என்றாள் செங்கம்மாள்.

செங்கம்மாள் ஏசுதாஸின் மனைவி. சைக்கிள் கடையை ஒட்டி ஆப்பக்கடை வைத்திருந்தாள். சாப்பிடுகிறவர்களின் பெஞ்சு சாலையைப் பார்த்துப் போட்டிருக்கும். பதினோரு வருஷமாக அடுப்படியிலிருந்து ஊரின் முதுகை மட்டுமே பார்த்துவருகிறாள். ஏட்டு போனதும் புருஷனை விசாரித்தாள்.

"இன்னாயா காணோம்?"

"பிரேம் மட்டும்தான்."

"வீலு?"

"வாங்கியாந்தது அப்பிடியே கீது. லேடீஸ் சைக்கிளு வீலு, சின்னது."

"ஏன், பெரிசு போடக்கூடாதா?"

"போடலாம். ஆனா நம்மூரு இருபத்தெட்டு இஞ்சு வீல மாட்டுனா வீலுக்கும் பிரேமுக்கும் நடுவுல வெரலு நுழையாது. மட்காடு எங்கேந்து போடறது?"

"எடுத்தவனுக்கு அது தெரியலியா?"

"தெரிஞ்சா இதையும் தூக்கினு போயிருப்பானே."

அன்று பகலெல்லாம் மழை. சின்னராசு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். வைத்த ஆப்பம் காய்ந்தது.

சனிக்கிழமை, காலை 7.20. மழை விட்டிருந்தது. திருவிடந்தை கோதண்டராமன் எழுந்தருளினார். செங்கை வட்டார சைக்கிள் வீரர் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவையில் மொத்தம் நான்கு பேர். பெங்களூர்ப் பந்தயத்தில் தாம் இரண்டாவதாக வந்த கதையை ஊருக்கு இருபது வருஷமாகச் சொல்லிவருகிறவர். மறுநாள் மாமல்லபுரம் வரை பேரவையின் பந்தயம். அதில் தாமும் ஓட்டுவதாக மேடையில் அறிவித்துத் தொலைத்திருந்தார்.

"இத்திருட்டு, சைக்கிள் உலகின் நெஞ்சில் பாய்ந்த ஈட்டி" என்றபடி பெஞ்சில் அமர்ந்தார்.

எதிரே நின்ற ஏட்டு தலையாட்டினார். செங்கம்மாள் ஆப்பத்தை நீட்டினாள்.

"தலைவரு எதுல வந்தீங்கோ?"

"பேருந்தில்தான், அம்மா."

"ஜிப்பா முதுகுல சேறு கீதே?"

"இறங்கும்போது அந்தப் பேருந்தே வாரி அடித்துவிட்டது."

செங்கம்மாளின் அகப்பை நின்றது. குரல் மட்டும் மாறவில்லை.

"இன்னொரு ஆப்பம் சாப்புடுங்கோ. ஏட்டையா, பின்னால சந்துல எதுனா சைக்கிளு கீதா பாருங்க."

தலைவர் பாதி ஆப்பத்தோடு எழப் பார்த்தார். ஐஸ் கிடங்குக்குப் பின்னாலிருந்து கறுப்பு சைக்கிள் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் ஏட்டு. பெரிய சக்கரங்கள். முன்னும் பின்னும் மட்கார்டு இல்லை. ஏசுதாஸ் ஆணியால் கீறினார். கறுப்புக்கடியில் பச்சை.

"எப்டிம்மா கண்டுபுடிச்ச?" என்றார் ஏட்டு.

"பஸ்ஸு அடிக்கிற சேறு பக்கவாட்டுல அடிக்கும், வேட்டி நாஸ்தியாவும். இவரு வேட்டி வெள்ளையா கீது. முதுகுல மட்டும் இடுப்புலேந்து கழுத்து மட்டும் நேரா ஒரே கோடு. மட்காடு இல்லாத பின்வீலுதான் அப்டி கோடு போடும். மழைக்காலத்துல மட்காட எவன் கழட்டுவான்? மாட்ட முடியாதவன்தான். எல்லாரும் இவரு மூஞ்சியையே பாத்துகினு இருந்தீங்கோ."

தலைவரின் செந்தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. "உடு தாயே, பேஜாரா பூடும். என் சைக்கிளு கனம் தாங்கல. நாலு பேரு எதிர்ல மூச்சு வாங்கினு நிக்க சொல்றியா? ஓட்டிப் பழகிக்கினே, எம்மேல சந்தேகம் கீதான்னு பாக்க வந்தேன்."

"அப்ப சின்னராசு?"

ஏட்டு தலைவரை நடத்தியே கூட்டிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடக்கவில்லை. ஏசுதாஸ் கடையில் மறுபடி அடித்த பச்சை பெயிண்ட் காய்ந்தது, சின்ன சக்கரம் ஏறியது, மட்கார்டும் கேரியரும் உட்கார்ந்தன. சின்னராசு கடற்கரை வரை மிதித்துப் போனான். திரும்பி வரும்போது ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக்காட்டினான். செங்கம்மாள் திட்டினாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சின்னராசு வேலையில் சேர்ந்தான். அன்று கோவளத்துக்குத் தந்தி எதுவும் வரவில்லை.