பதில் வருகை

விமலாவின் வலைப்பூவுக்கு வந்த ஒருவர் மட்டும் திரும்பிப் போகவில்லை.

மற்றவர்கள் வந்த வேகத்திலேயே போனார்கள். அவர்கள் படிக்க வருகிறவர்கள் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ‘வலைச்சந்தை’ என்ற தளத்தில் அவளைப் போலவே சேர்ந்திருந்த ஆட்கள். அங்கே ஏற்பாடு எளிது. இன்னொருவர் வலைப்பூவைத் திறந்து அரை நிமிடம் வைத்திருந்தால் நமக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பதிலாக யாரோ ஒருவர் நம் வலைப்பூவில் அரை நிமிடம் இருந்துவிட்டுப் போவார். பக்கத்தின் மூலையில் ‘இப்போது இருப்பவர்கள்’ என்ற எண் ஒன்றாகும், இரண்டாகும், மறுபடி சுழியாகும். ஆனால் அந்த ஐப்பசி வாரத்தில் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. எழுத்துருவை மாற்றுவதற்காக, யாரும் திறக்க முடியாதபடி வலைப்பூவையே பூட்டி வைத்துப் பார்த்தாள். அப்போதும் ஒன்று.

அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பனமலை ஏரியில் விடியற்காலையில் நீர் நிறம் மாறுவதை எழுதியிருக்கிறாள். மண்டகப்பட்டுக் குகைக்குள் நின்றால் நம் மூச்சே நமக்கு அந்நியமாகக் கேட்பதை எழுதியிருக்கிறாள். ஒருவரும் படித்ததில்லை. கணவன் ராபர்ட் போர்வெல் போடும் லாரியில் ஆந்திரா பக்கம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். போனில் பேசும்போது, “யாரு படிக்கிறாங்கன்னு கண்ண கெடுத்துக்கிற?” என்பான். இப்போது ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார், எழுந்து போக மனமில்லாமல் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வலைச்சந்தையை அவளுக்குக் காட்டிக் கொடுத்தவள், செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் வல்லத்துப் பெண் தமிழினி. ரவிக்கை டிசைன்களுக்கு வலைப்பூ வைத்திருந்தாள். வலைச்சந்தையிலிருந்து முழுப் பயனையும் எப்படிக் கறப்பது என்று அவளுக்கு அத்துப்படி.

“செட்டிங்ல வடிகட்டி எல்லாத்தயும் எடுத்துடுக்கா. எந்தப் பக்கம் வந்தாலும் சரின்னு போடு. ஒரே நேரத்துல நெறய ஜன்னல் தெறந்து, தானா ஓடுற மாதிரி வச்சிட்டு நீ பாட்டுக்குச் சோறு ஆக்கு. நீ பாக்கணும்னே இல்ல.”

விமலா அப்படியே செய்தாள். வெளியே மழை ஓடுகளில் விடாமல் பெய்துகொண்டிருக்க, அடுப்பில் புளி கொதிக்கும் வாசனையும் எதிர் வீட்டு மாரியம்மாள் மணிலாக்கொட்டை வறுக்கும் புகையும் ஈரச் சுவரின் சுண்ணாம்பு நெடியும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்குள் தேங்கி நிற்க, கூடத்தில் மடிக்கணினி தானாக ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மூடும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சின்ன ஓசை. ஒரு புள்ளி.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. எழுத்தே இல்லை. ஒரே ஒரு படம். வெள்ளையடித்த உள்ளறை. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கீழே, ‘வந்ததற்கு நன்றி’.

‘டக்’ என்றது. பக்கம் மூடியது.

அடுத்தடுத்த நாட்களில் அது அடிக்கடி வந்தது. விமலாவின் வலது மணிக்கட்டு அப்போதிலிருந்துதான் வலிக்கத் தொடங்கியது. துணி பிழிந்ததால் இருக்கும் என்று தைலம் தேய்த்தாள். ஒரு நாள் காலை தமிழினி போன் செய்தபோதும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ஏ தமிழு, எழுத்தே இல்லாத ஒரு பக்கம் வருதே, நாற்காலி போட்டது, உனக்கு வருதா?”

“வரும்க்கா. ஒரு வழுக்கத்தல ஆளு, முதுகு காட்டிக்கினு. இப்ப கொஞ்ச நாளா நாற்காலி காலியாத்தான் இருக்குது.”

“எனக்குப் பொம்பளதான உக்காந்திருக்குது. பச்ச சுடிதார். முதுகுல மஞ்சப் பூ.”

 

“இன்னாக்கா சொல்ற? வெளயாடாத. நான் இப்ப அதான்க்கா போட்டிருக்குறேன். நானே தச்சது. நேத்துதான் பூ வேல முடிச்சேன்.”

“உன்னுத பாத்து வேற யாராச்சும்…”

“இன்னும் யாருக்குமே காட்டலக்கா.” பிறகு குரல் தாழ்ந்தது. “கொஞ்சம் இருக்கா, பின்வாசல்ல யாரோ கூப்புடுறாங்க. நைனா வயலுக்குப் போயிருக்குறாரு. பாத்துட்டு வரேன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

விமலா திரும்ப அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தாள். கூடத்தில் ‘டக்’ என்றது. திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த எல்லா ஜன்னல்களிலும் அதே படம். பச்சை சுடிதாரின் வலது தோள் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் தோல் கறுத்து வீங்கியிருந்தது.

‘டக்.’ அவளுடைய மணிக்கட்டில் சுளீரென்று ஒரு வலி.

படம் மாறியது. பின்னந்தலை நனைந்திருந்தது.

‘டக்.’

இப்போது வலி முழங்கை வரை வந்தது. கனமான எதையோ ஓங்கி அடித்தால் கையில் ஏறுமே, அந்த அதிர்ச்சி. ஓடிப்போய் ஒரு ஜன்னலை மூடினாள், இன்னொன்றை மூடினாள். மூட மூடத் திறந்தன. மடிக்கணினியை அடித்துச் சாத்தினாள். மின்கம்பியைப் பிடுங்கினாள். சாத்திய மூடிக்குள்ளிருந்து கேட்டது. ‘டக்.’ ‘டக்.’ இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் கை துள்ளியது. அடுப்பில் ஏதோ தீய்ந்தது. பிறகு கொஞ்ச நேரம் அவளுக்கு நினைவில்லை.

நினைவு வந்தபோது சமையலறையில் நின்றிருந்தாள். கையில் அம்மிக்குழவி. அதன் முனையில் ஈரம். ஈரத்தில் மயிர். நீளமான, பெண்ணின் மயிர்.

குழவி கையிலிருந்து நழுவித் தரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

கையைக் கழுவினாள். கரி தேய்த்துக் கழுவினாள். இரும்பு வாசம் போகவில்லை. மழையிலேயே ஓடி, ஒரு ஆட்டோவைப் பிடித்து வல்லத்துக்குப் போனாள். தமிழினியின் வீடு எதுவென்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவே அங்கேதான் நின்றது. தமிழினியின் அப்பா பாண்டுரங்கன் சேற்றுக் காலோடு வாசலில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒருத்தன் அடிச்சதில்லீங்க அது. ஒரு காயம் கல்லால இருக்குது, ஒண்ணு கரண்டியால, ஒண்ணு சுத்தியால. ஊரே கூடி அடிச்சா மாதிரி இருக்குது. எம்பொண்ணு யாருக்கு இன்னாங்க பண்ணுச்சு? ஒரு சத்தம் கேக்கலங்குறாங்க பக்கத்துல. ஒருத்தரு போனத பாக்கலங்குறாங்க.”

விமலா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. வெள்ளையடித்த சுவரில் ஆள் உயரத்துக்கு மேலேயும் தெறித்திருந்தது. நாற்காலி நின்றபடியே இருந்தது. அதில் இருந்தவளுக்குப் பின்னந்தலை என்று ஒன்று இல்லை. அவள் மேல் போர்வை போர்த்த வந்த ஒரு பெண்மணி, அப்படியே சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

தான் குழவி எடுத்து அடித்ததாக யாரிடம் சொல்வது? செஞ்சியில் தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடி வல்லத்தில் ஒரு பெண்ணை அடித்ததாக? வாயைத் திறந்தாள். பாண்டுரங்கன் நிமிர்ந்து, “நீ யாரும்மா?” என்றார். பதில் சொல்லாமல் ஓடிவந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டபோது இன்னும் பகல்தான். மழை மேகத்தில் ராஜகிரிக் கோட்டை மலை பாதிக்கு மேல் மறைந்திருந்தது. ராபர்ட்டுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கூடத்தில் மடிக்கணினி திறந்திருந்தது. பிடுங்கிய கம்பி தரையில் அப்படியே கிடந்தது. திரையில் அவளுடைய வலைப்பூ. ஆனால் பனமலையும் இல்லை, மண்டகப்பட்டும் இல்லை. ஒரே ஒரு படம். அவள் கூடம். அவள் முதுகு.

மேலே ஓர் அறிவிப்பு வந்து நின்றது. ‘நீங்கள் சேர்த்த புள்ளிகள் அனைத்தும் ஏற்கப்பட்டன. பதில் வருகைகள் தொடங்குகின்றன.’

மூலையில் ‘இப்போது இருப்பவர்கள்’ எண் ஏறத் தொடங்கியது. வேகமாக. கண்ணால் படிக்க முடியாத வேகத்தில்.

வெளியே கேட்டின் கொக்கி எழும்பும் ஓசை.

ஜன்னலுக்கு ஓடினாள். கேட்டுக்குள் ஒரு ஆள் நின்றிருந்தான். லுங்கி, நனைந்த பனியன், கையில் ஸ்பேனர். அவனுக்குப் பின்னால் நைட்டியில் ஒரு பெண், இரும்புத் தோசைத்திருப்பியோடு. அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெரியவர். கல்லூரிப் பெண் ஒருத்தி. இன்னொருவர். இன்னொருவர். வரிசை தெருமுனைவரை போய், முனையில் திரும்பி, பிரதான சாலையிலும் நீண்டது. ரேஷன் கடையில் நிற்பதுபோல் பொறுமையாக நின்றார்கள். யாரும் தள்ளவில்லை. யார் முகத்திலும் கோபமில்லை. கண்கள் மட்டும் திரையைப் பார்ப்பதுபோல் அசையாமல் இருந்தன. நிறையப் பேர் வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாரியம்மாக்கா! மாரியம்மாக்கா!”

தன் வாசலில் வாளியோடு நின்ற எதிர் வீட்டு மாரியம்மாள் திரும்பினாள். வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். விமலாவை ஒருகணம் பார்த்தாள். பிறகு வலது மணிக்கட்டைத் தேய்த்தபடி மெல்ல நடந்து, வரிசையின் கடைசியைத் தேடிப் போனாள்.

தாழ் உடையவில்லை. தானாக விலகியது.

“வேணாம்,” என்றாள் விமலா. “அண்ணே, வேணாம்ணே.”

ஸ்பேனர்காரன் தலையை அசைத்தான். “எனக்கும் கை வலிக்குதும்மா,” என்றான். ஓங்கினான்.

தோளில் எலும்பு முறியும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. எங்கோ ‘டக்’ என்றது. அவன் விலகினான். நைட்டிக்காரி வந்தாள். இரும்பின் விளிம்பு. கன்னம் திறந்தது. ‘டக்.’ பெரியவர். அவர் கண்ணாடியில் ரத்தம். துடைத்துக்கொண்டார். ‘டக்.’ சுவரெல்லாம். வாயில் பல். கத்தினாள். சத்தம் வரவில்லை.

தரையில் விழுந்தாள். சிமெண்டு குளிர்ந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை இருந்தது. அந்தக் கண்ணுக்கு நேராக வாசல். வாசற்படியில் செருப்புகள். வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகக் கழற்றிவிட்டே உள்ளே வந்திருந்தார்கள். ஜோடி ஜோடியாக, ஒழுங்காக, மழைநீர் நிறைந்து. அவற்றுக்கு அப்பால் ஈரமான வெறுங்கால்கள். கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கண்ணுக்கு எட்டிய வரை.

வரிசையில் அடுத்து, மெட்டி போட்ட ஒரு கால் படியேறி உள்ளே வந்தது.