உதிர்ந்த உறை

மேசையைத் துடைத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே வெள்ளைப் பொடி. சுண்ணாம்பு உதிர்கிறதோ என்று மேற்பார்வையாளர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒரு கீறல்கூட இல்லை. தொண்டையைச் சுரண்டும் ஒரு காரநெடி அறைக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அதை அவர் ஒரே ஒரு இடத்தில்தான் முகர்ந்திருக்கிறார், ஊசிகளைக் கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்யும் அந்தக் கான்கிரீட் அறையில், ஃபிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று.

"கதிர் ரூம் ஒயருக்கு டெஃப்லான் உறை ஆகாது சார். ஆசிட்டுக்கு அசையாது, சூட்டுக்கும் அசையாது. ஆனா கதிர் பட்டா உள்ளுக்குள்ள சங்கிலி சங்கிலியா இருக்கறதெல்லாம் அறுந்து மாவாயிடும்," என்று மாட்டும்போதே அந்த ஃபிட்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? மாட்டு," என்று இவர்தான் அதட்டினார்.

எட்டே மாதத்தில் உறை உதிர்ந்து ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டன. வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி அடங்க வேண்டிய கதிர்வீச்சுத் தண்டு மேலேயே நிற்க, வாசலில் 'உள்ளே வரலாம்' என்று பச்சை விளக்கு எரிந்தது. அதை நம்பி உள்ளே போன ஃபிட்டர் பதினோராம் நாள் செத்தான்.

இப்போது மேசைமேல் அறிக்கை: ஃபிட்டரின் கவனக்குறைவு. கையெழுத்துதான் பாக்கி. உண்மையை எழுதினால் வேலை போகும், ஜெயிலும் நிச்சயம். செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

கதவருகே ஃபிட்டரின் மனைவி நின்றிருந்தாள். "நடந்தத எழுதுங்க சார். அவர் மேல பழி வேண்டாம்."

"எல்லாம் எழுதியாச்சும்மா. வெளிய உக்காருங்க."

அவள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நிலைக்கு மேலே, விளக்கே இல்லாத இடத்தில், பச்சையாய் ஏதோ எரிந்தது.

நெடி ஏறியது. கண் எரிந்தது. பயத்தில் உள்ளங்கை வியர்த்திருக்க வேண்டும், வியர்க்கவில்லை. உலர்ந்து, டெஃப்லான் போல வழவழவென்று, பால்வெள்ளையாக இருந்தது. பேனா நழுவியது. எடுத்தார். மறுபடி நழுவியது.

"அழுத்திப் பிடிங்க சார்," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

தெரிந்த குரல். அவர் திரும்பவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டால் போதும். அழுத்தினார்.

சுண்டுவிரல் உதிர்ந்தது. ரத்தம் இல்லை. மாவு. அடுத்த விரல். அடுத்தது. அலற வாயைத் திறந்தார். நாக்கு பொடிப்பொடியாய்ச் சட்டைமேல் கொட்டியது.

கண்கள் மட்டும் மிச்சம் இருந்தன. மேசையில் குவிந்த மாவில், கண்ணுக்குத் தெரியாத விரல் ஒன்று அவருடைய கையெழுத்திலேயே நிதானமாக எழுதுவதை அவை பார்த்துக்கொண்டிருந்தன.

மாட்டச் சொன்னது நான்தான்.