கருவேலக் கட்டையும் வலைக்கத்தியும்

சேத்துக்குப்பத்தின் பொதுக் கொட்டகையில் படகு மோட்டாரைக் காணோம் என்று காலை ஏழரை மணிக்குத் தெரிந்தது. எட்டு மணிக்குள் ஊருக்குத் திருடனும் கிடைத்துவிட்டான். அந்த அரை மணி நேரத்தில் கொட்டகையை யாராவது ஒழுங்காகப் பார்த்தார்களா என்றால், இல்லை.

ஒன்பதரைக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய காவலர் ஜெசிந்தாவுக்கு முதலில் எரிச்சலூட்டியது அதுதான். கொட்டகைக்குள் பாதி ஊர் நின்றிருந்தது. தரையெல்லாம் ஈரக் கால்தடம்.

"கேஸ் முடிஞ்சாச்சும்மா. எழுதிக்கிட்டுக் கிளம்பலாம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன். மதியம் அவருக்குப் பொன்னேரி கோர்ட்டில் வேலை இருந்தது.

கொட்டகைக்கு இரண்டு வழி. முன்கதவில் பூட்டு. அது உடையவில்லை. சாவி பொறுப்பாளர் ஜெகதீஸ்வரனிடம் மட்டுமே உண்டு. கடல்நீர் ஏறி இறங்கும் ஏரியைப் பார்த்த பின்கதவு இரட்டைக் கதவு. உள்பக்கம் குறுக்கே ஒரு கருவேலக் கட்டை போட்டிருக்கும். இரு பக்கச் சுவரிலும் பதித்த இரும்பு வளையங்களில் அந்தக் கட்டையைப் பக்கவாட்டில் செருக வேண்டும். மேலே தூக்கி எடுக்க வழியில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய வலைகளை வெளியே எடுக்கத்தான் அதைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் வலைக்குவியல் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது பின்கதவு திறந்து கிடந்தது. கட்டை நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாகத் தரையில். பக்கத்தில் முனை மட்டும் ஒடிந்த, வாய் மழுங்காத வலைக்கத்தி ஒன்று. பிடியில் நீல நைலான் கயிறு சுற்றியிருந்தது. அந்தக் கயிறு யாருடையது என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தமிழ்வாணனுடையது.

"நான்தான் மேடம் மொதல்ல பாத்தது" என்றார் ஜெகதீஸ்வரன். வெள்ளைச் சட்டை, வியர்த்த நெற்றி. "முன்கதவ தொறந்தேன், மோட்டார் இல்ல. பின்கதவு ஆ-ன்னு கெடக்குது. ஒரு துண்டு கீழ விழுந்திருந்தது. இன்னொண்ணு வளையத்துலயே தொங்கிக்கினு இருந்தது. நான்தான் அத்த உருவிப் போட்டேன். கதவு இடுக்குல கத்திய வுட்டு ராத்திரி பூரா அறுத்திருக்கான்."

"எதுக்கு உருவுனீங்க?"

"காலத் தட்டும்னுதான். வேற இன்னாத்துக்கு?"

ஜெசிந்தா தலையசைத்தாள். கேள்வி கேட்டதும் அது அசட்டுக் கேள்வியோ என்று சந்தேகம் வருவது அவள் வழக்கம். அதனால் கேட்டதை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். 'ஒண்ணையே எத்தனை தடவைம்மா பாப்பே' என்று ஆதிகேசவன் ஸ்டேஷனில் நாலு பேர் முன்னால் கேட்டதுண்டு.

வெளியே புங்கமரத்தடியில் தமிழ்வாணனை உட்கார வைத்திருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று கேட்டால் கூட்டம் வானத்தைப் பார்த்தது. அவன் மனைவி கலைவாணி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"கத்தி உங்களுதா?"

"என்னுதுதான். போன வாரமே படகுல இருந்து காணாமப் போச்சு. தேடாத எடமில்ல."

"நல்லாத்தான் டபாய்க்கிறான்" என்றது ஒரு குரல்.

கலைவாணி சட்டென்று திரும்பினாள். "எவன்டா அது? முன்னால வந்து பேசு! ஊர் மோட்டாரு ஞாயித்துக்கெழம ஆனா ஜெகதீசு மச்சான் படகுல டூரிஸ்ட ஏத்தினு போவுதேன்னு கூட்டத்துல கேட்டது இந்த மனுசன் ஒருத்தர்தான். அன்னிக்கு நீங்கள்லாம் எங்க பூந்துக்கினீங்க?"

ஊர்த் தலைவர் சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தப் பேச்ச வுடும்மா. தொழில் நிறுத்தம்னு ஊர் முடிவு பண்ணிட்டுது. கடலும் கெடையாது, ஏரியும் கெடையாது. போலீசு அதுக்கு மேல பாத்துக்கும்."

தொழில் நிறுத்தம் என்றால் அந்த வீட்டில் உலை நிறுத்தம். அதிலும் இன்று தமிழ்வாணனின் பாடு. ஏரியில் வலை போடும் இடத்தைக் குலுக்கிப் போட்டு, முறை வைத்து வருவதுதான் பாடு. இறால் ஓடுகிற நாளில் முறை அமைவது அபூர்வம். தவறினால் அடுத்த முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். கலைவாணியின் பார்வை தண்ணீரிலேயே இருந்தது. நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அது வடியத் தொடங்குமுன் வலை கட்டியாக வேண்டும்.

ஜெசிந்தா மறுபடி கொட்டகைக்குள் போனாள். பின்கதவைச் சாத்தினாள். இரண்டு கதவுக்கும் நடுவே இடுக்கு இருந்தது. சுண்டுவிரல் நுழைந்தது, கட்டைவிரல் நுழையவில்லை. தரையிலிருந்த துண்டுகளை ஒட்ட வைத்துப் பார்த்தாள். வெட்டின் வாய் உள்ளங்கை அகலம். இரு பக்கமும் சரிந்து, நடுவில் குறுகியிருந்தது. சரிவுகளில் சின்னச் சின்ன வழவழப்பான செதுக்கல்கள். சீவல் உதிர்ந்திருக்க வேண்டிய இடத்தில் நாலைந்துதான் கிடந்தன.

கட்டையைத் தூக்கினாள். கனத்தது. அடிப்புறம் ஈரம். மேல்புறத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

'ஏரிக்கரையில் எதில்தான் உப்பு இல்லை' என்று அவளே அதைத் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு துண்டை எடுத்துச் சுவர் வளையத்தில் செருகிப் பார்த்தாள். கட்டையைத் திருப்பினாள். மறுபடி செருகினாள். இன்னொரு துண்டை அடுத்த வளையத்தில் முயன்றாள். வெளியே வந்தபோது அவள் காதெல்லாம் சிவந்திருந்தது. வெயிலால் இல்லை, கோபத்தால்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். இந்தக் கத்தியால கருவேலத்த வெட்ட முடியுமான்னு பாக்கணும்."

"தடயத்துல கை வைக்காதம்மா" என்றார் ஆதிகேசவன். "அதே மாதிரி வேற கத்தி எடு."

வலைக்கத்திக்கா பஞ்சம்? நாலு பேர் இடுப்பிலிருந்து நீட்டினார்கள். பழைய படகின் விலாக்கட்டை ஒன்று மூலையில் கிடந்தது. அதுவும் கருவேலம், காய்ந்து இறுகியது. அதைக் கதவின் உள்பக்கம் இருவர் அழுத்திப் பிடித்தார்கள். வெளியிலிருந்து இடுக்கில் கத்தியை விட்டு அறுக்கும்படி ஜெசிந்தா அந்த நாலு பேரையும் கேட்டாள்.

முதல் ஆள் சிரித்துக்கொண்டே வந்தான். சிரிப்பு சீக்கிரம் நின்றது. கத்தி மரத்தில் வழுக்கி வழுக்கி ஓடியது. இரண்டாவது ஆள் பலத்தையெல்லாம் போட்டான். நூல் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தது, அதில் கத்தி இறுகிக்கொண்டது. இழுத்ததில் முனை ஒடிந்தது.

"டேய், என் கத்திடா அது!"

"உன் கத்தியா, கரண்டியா? இன்னாத்த அறுக்குது?"

மூன்றாவது ஆள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். வாய் மழுங்கி மடிந்திருந்தது. நான்காவது ஆள் வரவில்லை.

ஜெசிந்தாவின் குரல் முதலில் நடுங்கியது. பிறகு கோபம் அதைத் தாங்கிக்கொண்டது.

"ரம்பம் போன வழியிலயே நேரா எறங்கும். கத்தி அப்படியில்ல. ஆழமாப் போகணும்னா இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுச் செதுக்கணும். ஆழம் கூடக் கூட வாய் அகலமாகும். இந்த வெட்டு உள்ளங்கை அகலம். கதவு இடுக்கு சுண்டுவிரல் அகலம். இதுக்குள்ள கத்தியச் சாய்க்க ஏது இடம்? இந்தக் கட்டைய வெளியில, தரையில கிடத்தி வெட்டியிருக்காங்க."

"எங்க வெட்டுனா இன்னா?" என்றார் ஜெகதீஸ்வரன். "கத்தி அவனுதுதான?"

"கத்தி அவருதுதான். ஆனா காஞ்ச கருவேலத்துல அது எறங்காது. இப்பதான் பாத்தோம். அந்தக் கத்தியோட முனைதான் ஒடிஞ்சிருக்கு. வாய் இன்னும் கூராவே இருக்கு. அப்போ மரம் காஞ்சிருக்கல. தலைவரே, உங்க ஊர்ல கெட்டி மரத்த செதுக்கணும்னா மொதல்ல இன்னா பண்ணுவீங்க?"

சுப்பராயலு யோசிக்கவே இல்லை. "ஏரியில ஊறப் போடுவோம். ஒரு வாரம் கெடந்தா கத்தி கேக்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மழையே படாத கொட்டகைக்குள்ள இருந்த கட்டை, ஈரமா, உப்புப் பூத்து, கனமா இருக்கு. ஊறியிருக்கு. ஊறின மரம் தடிக்கும். வாங்க, வந்து இந்தத் துண்ட வளையத்துல செருகுங்க."

தலைவரே செருகினார். நுழையவில்லை. திருப்பி வைத்து உள்ளங்கையால் குத்தினார். விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"ரெண்டு துண்டும் நுழையாது, ரெண்டு வளையத்துலயும் பாத்துட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "வெட்டுனதுக்கு அப்புறம் இந்தக் கட்டை வளையத்துக்குள்ள இருந்ததே இல்ல. ஆனா காலையில ஒருத்தர் வளையத்துல தொங்கின துண்ட உருவிப் போட்டதா சொன்னாரு. கட்டைய உள்ளேயிருந்துதான் எடுக்க முடியும். போன வாரம் எடுத்து, ஊறப்போட்டு, திருடின கத்தியால செதுக்கி, ராத்திரி முன்கதவு வழியா வந்து மோட்டார எடுத்துட்டு, பின்கதவத் தொறந்து வெச்சு, துண்டுகளப் போட்டுட்டுப் போயிருக்காங்க. முன்கதவுச் சாவி யார்கிட்ட இருக்கு?"

 எல்லோரும் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரன் தரையைப் பார்த்து, "மோட்டாரு கழிமுகத்தாண்ட அலையாத்திப் புதர்ல இருக்குது" என்றார். "கூட்டத்துல வெச்சு என்ன அசிங்கப்படுத்திட்டான் சார்."

ஆதிகேசவன் அவர் தோளைப் பிடித்து ஜீப்புக்கு நடத்தினார். ஜெசிந்தாவைக் கடக்கும்போது, "நீயே எழுதிடும்மா" என்றார்.

கூட்டம் மெல்லக் கரையப் பார்த்தது. கலைவாணி விடவில்லை.

"நில்லுங்க! அடிச்சவன் எவனும் போவக் கூடாது. கட்டை இங்கதான கெடந்துச்சு? கதவு இங்கதான இருந்துச்சு? ஒருத்தனாவது குனிஞ்சு பாத்தீங்களா?"

சுப்பராயலு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "தப்பு நடந்து போச்சும்மா. நிறுத்தத்த எடுத்தாச்சு. தமிழு நாளையிலேருந்து தொழிலுக்குப் போவட்டும்."

"நாளைக்கு யாரு பாடு?"

தலைவர் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். ஏறிய நீர் வடியத் தொடங்கியிருந்தது. தமிழ்வாணனின் இடத்தில் இனி இன்று வலை கட்ட முடியாது.

"என்னுது" என்றார்.

"இவரு பாடு இன்னிக்குப் போச்சு. போவ வெச்சது நீங்க."

யாரோ அவளை அடக்கப் பார்த்தார்கள். ஜெசிந்தா அங்கேயே நின்று தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டைக்காரி நகரமாட்டாள் என்று அவருக்குப் புரிந்தது.

"சரி" என்றார் சுப்பராயலு. "நாளைக்கு என் எடத்துல அவன் வலை கட்டட்டும்."

கலைவாணி கணவனின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"கட்டுவாரு" என்றாள்.

வீட்டைப் பார்த்து நடந்தார்கள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.