சாவி கொடுத்த கை

தெய்வானையின் காவல்கடிகை அன்று மதியத்துக்குள் ஆறாவது தடவையாகச் சுழியத்தைத் தொட்டது. நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உறைந்திருந்தவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். முகம் தெளிந்துவிட்டது. சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"ஏனுங்க, மதி எந்திரிச்சுட்டாளா? இன்னிக்கு வெரசாப் போகோணும்னு சொன்னா."

நாச்சிமுத்து அவள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தான். அவளுக்கு இது இன்னும் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை. அந்தச் செவ்வாய் போய்ப் பதின்மூன்று நாளாகியிருந்தது.

"அம்மிணி, மதி செத்துப்போயிட்டா."

பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்தபோது ஆடிக்காற்றில் தூங்குமூஞ்சி மரத்துக் கிளை முறிந்து விழுந்ததையும், ஒன்பது வயதுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் சொன்னான். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னான். கேள்விகள் தீர்ந்ததும் அவள் பார்வை சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இனி நாற்பது நிமிடம். அதன்பின் மறுபடியும் மதி எழுந்துவிட்டாளா என்று கேட்பாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் 'உறைவு' என்றொரு நோய் பரவியது. மனிதர்கள் நாளெல்லாம் இயந்திரங்களோடு மனதைப் பிணைத்து வேலை செய்ததில், திடீரென்று நடுவழியில் நின்றுபோனார்கள். பேருந்து ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உறைந்தார், மருத்துவர் கத்தியைப் பிடித்தபடியே உறைந்தார். கணினி முடங்கினால் அணைத்துப் போடுகிறோமே, அந்த வைத்தியத்தையே அரசாங்கம் மனிதனுக்கும் செய்தது. எல்லோர் காதுக்குப் பின்னாலும் அரிசி மணி அளவில் ஒரு சில்லு. கோவையில் மாவட்டச் சேவையகம். அதற்குள் ஆளுக்கொரு காவல்கடிகை. எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்வரை சில்லிலிருந்து 'இருப்புக்குறி' வரும், கடிகைக்குச் சாவி ஏறும். விழித்திருக்கும்போது நாற்பது நிமிடம் எண்ணம் நின்றுபோனால் சாவி தீர்ந்துவிடும். சேவையகம் அந்த மனதைக் கடைசியாக நிம்மதியாகத் தூங்கி எழுந்த காலைக்குத் திருப்பி வைத்துவிடும்; அதற்கு 'மீள்தொடக்கம்' என்று பெயர். அரை நாள் மறந்துபோகும், அவ்வளவுதான். ஆள் வேலைக்குப் போய்விடலாம்.

களைத்துப்போனவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு இது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் நாற்பது நிமிடத்துக்கு மேல் சுவரைப் பார்ப்பாள் என்று எந்த நிபுணர் குழுவுக்கும் தோன்றவில்லை. தெய்வானை நிம்மதியாகத் தூங்கிய கடைசி இரவு திங்கட்கிழமை இரவு. அதனால் அவள் திரும்பத் திரும்பச் செவ்வாய்க்கிழமைக்கே வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் நாச்சிமுத்து பொய் சொல்லிப் பார்த்தான். மதி பல்லடத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான். அன்றைக்குக் கடிகை ஒருமுறைகூடத் தீரவில்லை. சாயங்காலம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மதியின் பாவாடைக்குக் கொக்கி தைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட உண்மையைச் சொல்வதே மேல் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

சொல்லிச் சொல்லி நூற்று முப்பத்தேழு தடவை ஆனபோது அவன் அலுவலகத்துக்குப் போனான். அந்தச் சேவையகத்தின் இயக்கியை, அதாவது சில்லுகளின் குறிகளை வாங்கிக் கடிகைகளுக்குச் சேர்க்கும் நிரலை, எழுதிப் பராமரிப்பவனே அவன்தான். அதில் இரண்டு பகுதிகள். கண் இமைத்தல், எச்சில் விழுங்குதல் போன்ற சின்னக் குறி ஏதாவது வந்தால் சேவையகம் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஒரு நொடி அதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளும். இது குறுக்கீடு. எண்ணம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று நிதானமாகச் சோதித்துச் சாவி கொடுப்பது இன்னொரு பகுதி. குறுக்கீட்டிலிருந்து சாவி கொடுக்கவே கூடாது என்பது அந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். மனம் நின்றுபோனாலும் இமை இமைத்துக்கொண்டுதான் இருக்கும்.

நாச்சிமுத்து நிரலில் சாவி கொடுக்கும் வரியை எடுத்துக் குறுக்கீட்டுக்குள் வைத்தான். இனி இமை இமைத்தாலே சாவி ஏறும்.

இயக்கியை ஒருவருக்காக மட்டும் மாற்ற முடியாது, மாவட்டத்துக்கே ஒன்றுதான். எந்த மாற்றமானாலும் இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி செங்கோடன் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது என்ன காரியம்னு உனக்கே தெரியும்."

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன்யா?"

"அவ இன்னும் அழுகவே இல்லீங்கண்ணா. அழுகறதுக்குள்ள மறந்து போயிருது."

செங்கோடன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பத்து நாளைக்குத்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். துக்கத்துக்கு வந்து அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனவர் அவர். நல்ல மனுஷர், அதனால்தான் தப்புச் செய்தார்.

மறுநாள் தெய்வானை உறைந்தாள். நாற்பது நிமிடம் கழிந்தது, ஒரு மணி நேரம் கழிந்தது, கடிகை நிறைந்தே இருந்தது. பத்தொன்பது மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதன்பின் அவளிடமிருந்து ஓர் ஓலம் கிளம்பியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நாச்சிமுத்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அழு அம்மிணி, நல்லா அழு" என்றான். பதினான்கு நாளில் முதல்முறையாக அவனுக்குச் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

அவள் மெல்ல மெல்லத் தேறினாள். மதியின் சீருடையைத் துவைத்து மடித்து வைத்தாள். ஒரு நாள் தானாகவே ரசம் வைத்தாள்.

பத்து நாள் முடிந்தும் அந்த வரியை எடுக்க முடியவில்லை. மாவட்டத்தில் மீள்தொடக்கங்களின் எண்ணிக்கை சுழியமாகிவிட்டிருந்தது. சுழியத்தைப் பார்த்த அரசாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. உறைவு ஒழிந்த முதல் மாவட்டம் என்று அமைச்சர் அறிவித்தார், நாச்சிமுத்துவுக்குச் சால்வை போட்டார்கள். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவனையே பார்த்துக்கொண்டிருந்த தெய்வானை கேட்டாள்.

"மதியோட சைக்கிள யாருக்காச்சும் குடுத்துரலாமுங்களா?"

"குடுத்துரலாம்."

"இல்ல, நாமளே வெச்சுக்கலாமுங்களா?"

"வெச்சுக்கலாம்."

"எரிச்சுப் போட்டரலாமுங்களா?"

"செரி" என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

தெய்வானை அவன் தட்டை நகர்த்தி வைத்தாள். பன்னிரண்டு வருஷமாக இயக்கி எழுதுகிறவனோடு குடித்தனம் செய்பவள். "உங்க பதிவேட்ட எடுங்க, பாக்கோணும்" என்றாள்.

எடுத்துத் திரையில் விரித்தான். இமைக்குறிகள் எல்லாம் பிசகாமல் வந்திருந்தன, கடிகை ஒருபோதும் தாழவில்லை. எண்ண ஓட்டத்துக்கான கட்டங்கள் மட்டும் காலியாக இருந்தன. அவள் ஓலமிட்டுத் தேறத் தொடங்கிய வாரத்தோடு அவை நின்றுவிட்டிருந்தன. அதன்பின் அவன் நடந்ததும் பேசியதும் வெறும் பழக்கத்தில்தான். அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய பதிவைப் படிப்பதுபோல அவன் படித்தான்.

"இந்த ஆள் நின்னு முப்பத்தெட்டு நாளாச்சு." இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு, "மாவட்டத்துல இந்த மாதிரி பதினோராயிரத்து இருநூத்திச் சொச்சம் பேரு இருக்கறாங்க" என்றான். "காவக் கடிகை கண்டுபிடிச்சிருக்கோணும். நாந்தான் அதோட வாய அடச்சுட்டேன்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் தெய்வானையை அழ வைத்தது.

"மதி செத்தத உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"போன் வந்துது. பேசி முடிக்கறதுக்குள்ள ஓடிட்டேன். அப்பறம் உனக்குச் சொல்லோணுமுல்ல. எனக்குன்னு யாரும் ஒக்காந்து சொல்லல."

காதுக்குப் பின்னால் துணையின் கட்டைவிரல் பத்து நொடி அழுந்தினால் மீள்தொடக்கம் நடக்கும். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அவன் அந்தச் செவ்வாய்க்கிழமை காலைக்குப் போவான். அந்த வரி இன்னும் இருப்பதால், உறைந்தாலும் அவனை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

"என்னயப் பாத்துக்கிட்டதெல்லாம் மறந்துருமுங்களா?"

"மறந்துரும்."

அந்தப் பதினோராயிரம் பேரையும் மறந்துவிடுவான் என்று அவளுக்கு உறைத்தது. முதலில் செங்கோடனுக்கு எழுதச் சொன்னாள். அவன் பெயர்ப் பட்டியலை அனுப்பினான். கீழே, "இவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் யாராச்சும் ஒக்காந்து சொல்லோணும்" என்று அவள் சொன்னதையே எழுதினான். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தலையை அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தான்.

"எப்படிங்க சொல்றது? எனக்கு வராதுங்க."

அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த வேலை. எண்ணம் ஓடாமலேயே வரும்.

"கையப் புடிச்சுக்கோ. காத்து அடிச்சுதுன்னு ஆரம்பிக்காத, மொதல் பேச்சே மதி செத்ததச் சொல்றதா இருக்கட்டும். 'இல்ல'ன்னு சொல்லாத, எங்க போனான்னு கேப்பேன். செத்துப்போயிட்டான்னே சொல்லு. ஆஸ்பத்திரின்னா எந்திரிச்சு ஓடப் பாப்பேன், உட்றாத. கடைசியா, வலிச்சுதான்னு கேப்பேன். இல்லேன்னு ஒடனே சொல்லீரு. யோசிச்சீன்னா நம்ப மாட்டேன்."

தெய்வானையின் விரல் அவன் காதோரத்தில் நின்றது.

"வலிச்சுதுங்களா?"

"தெரியல" என்றான் நாச்சிமுத்து.

நூற்று முப்பத்தேழு தடவையும் அவளிடம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தினாள். அந்தப் பத்து நொடியும் 'இல்லீங்க, இல்லீங்க' என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.