அட்டைப்பெட்டிக்குள் அகராதி

சிறுமி குண்டூசியின் அத்தை மகள் தமிழைப் புத்தகத்தில் கற்றவள். அவள் வளர்ந்த ஊரில் தமிழ் பேச ஆளில்லை. அத்தைக்கோ வேலையில் மூச்சுவிட நேரமில்லை. ஆகவே கதைப் புத்தகங்கள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

வந்த அன்று, "எனக்குத் தாகமாக இருக்கிறது. சிறிது நீர் தர இயலுமா?" என்று கேட்டாள். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் சமையலறைக் குழாய் தானாகவே சொட்டத் தொடங்கியது. அன்றே அவளுக்கு அகராதி என்று பெயர் விழுந்தது.

அத்தை மறுநாள் ஊர் திரும்புவார், அகராதி விடுமுறை முழுக்க இங்கேயே இருப்பாள் என்று ஏற்பாடு. குண்டூசி தன் கட்டிலில் பாதி இடத்தை அப்போதே ஒதுக்கி வைத்துவிட்டாள்.

அன்று குண்டூசியின் அண்ணனுக்குப் பிறந்தநாள். கேக் காலியானதும் ஒரு விளையாட்டு. கேள்விக்கு எல்லோரும் சீட்டில் பதில் எழுத வேண்டும். டேப்லெட்டில் இருக்கும் செயற்கை நுண்ணறிவும் ஒரு பதில் தரும். சித்தப்பா அதையும் ஒரு சீட்டில் எழுதி, கலந்து, உள்ளதை உள்ளபடி வாசிப்பார். எது இயந்திரம் என்று நடுவர் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரம் என்று மாட்டிக்கொள்கிற மனிதர், மிக்சி வந்த அட்டைப்பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் வாசிப்பும் லிஃப்ட் போலத்தான், பாதியில் நின்று நின்று போகும். நடுவர், அண்ணனின் நண்பன் ரேடியோ. பல் துலக்கும்போதும் பேசுகிறவன்.

முதல் கேள்வி: மழையில் நனைந்த பூனை என்ன நினைக்கும்?

"யாருப்பா ஷவரைத் திறந்து விட்டது?" என்றது ஒரு சீட்டு.

"என் உடல் நனைந்தது. ஆயினும் என் பெருமை நனையவில்லை" என்றது இன்னொன்று.

"இதுதான் மெஷின். மனுசன் எவனாவது ஆயினும்னு எழுதுவானா?" என்றான் ரேடியோ.

அது அகராதியின் சீட்டு. ஷவர் சீட்டுதான் இயந்திரம். அது தெருவில் விளையாடி வளர்ந்த பிள்ளை மாதிரிப் பேசியது.

அடுத்த இரண்டு சுற்றிலும் அதே கதை. பெட்டிக்குள்ளிருந்து அகராதி, தனக்குச் சற்றே வியர்க்கிறது என்றாள். அதற்கு எழுந்த சிரிப்பில், மேல் மாடிக்காரர் நிலநடுக்கம் என்று பெட்டி படுக்கையோடு இறங்கி வந்துவிட்டார்.

குண்டூசி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டி லேசாக நடுங்கியது. அவள் குனிந்து காது வைத்தாள்.

"நானும் நாளை அம்மாவோடு போய்விடுகிறேன்" என்றது பெட்டி, மெல்ல.

ஆறுதல் சொன்னால் பெட்டி இன்னும் அழும். குண்டூசி நிமிர்ந்தாள்.

"அடுத்த ரவுண்டு எல்லாரும் புத்தகத் தமிழ்லதான் எழுதணும். மெஷினும்தான். நடுவர் இவ."

"பூ, இதென்ன பிரமாதம்" என்றான் அண்ணன்.

கேள்வி: அரசாளும் வாய்ப்பு வந்தால் என்ன செய்வாய்? எழுதும்போது ரேடியோகூட வாய் மூடியிருந்தான். அகராதி பெட்டியைக் கழற்றினாள். சித்தப்பா வாசித்தார்.

"நான் அரசனானால், நாட்டில் உள்ள எல்லாப் பல்லிகளையும் மூடிவிடுவேன்."

"பள்ளிடா" என்று தன் தலையில் தட்டிக்கொண்டு முனகினான் ரேடியோ.

"நான் என் நீண்ட வாலைச் சுழற்றி எதிரிகளை விரட்டுவேன்."

அண்ணன் தன் முதுகுப் பக்கம் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

"மக்கள் யாவரும் மகிழ்ச்சியுடன் வாழ வழிவகை செய்வேன்."

"நான் அரசியானால், வாரம் இருமுறை மலை பெய்ய ஆணையிடுவேன்."

குண்டூசியின் காது சிவந்தது. சத்தியமாக அதை அவள் வேண்டுமென்று எழுதவில்லை.

அகராதி கண்ணை மூடி யோசித்தாள்.

"மூன்றாவதுதான் இயந்திரம். அதில் பிழை இல்லை. ஆனால் கண்ணை மூடினால் எதுவும் தெரியவில்லை. மற்ற மூன்றையும் கேட்டால் ஒரு நாடே தெரிகிறது. வால் முளைத்த அரசர், மூடிக் கிடக்கும் பல்லிகள்..."

"பல்லிய எப்படி மூடுவாங்க?" என்றான் அண்ணன்.

"மூடி போட்டுத்தான்" என்றாள் அகராதி.

ரேடியோ கட்டிலிலிருந்து உருண்டே விழுந்தான். மலை பெய்தால் குடை தாங்குமா என்று கேட்டான். கேட்டது அகராதியிடம்தான். குடை தாங்காது, பாறை பொறுக்கக் கூடை வேண்டும் என்றாள் அவள். அவன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். அந்த நாட்டில் துணி எங்கே காயப்போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே சித்தப்பாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். டேப்லெட் அணைந்துபோனதை யாரும் பார்க்கவில்லை.

அத்தை கதவருகே வந்து, "கண்ணு சிவந்திருக்கே, நீயும் என்னோட வர்றியா, பையை எடுத்து வைக்கவா?" என்று மகளைக் கேட்டார்.

"வேண்டாம் அம்மா. இங்கு மலை பெய்கிறது. நின்ற பிறகு வருகிறேன்."

அத்தை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.