வசனம் எடுத்துக் கொடுத்தவள்

டான்யூப் ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஊர் மன்றத்தின் படிகள்வரை வந்து நின்றிருந்த ஒரு ஜனவரிச் சனிக்கிழமை மதியம், ரூமியானா பசை வாளியோடு வாசலுக்கு வந்தாள். கையில் சிறுவர் நாடகக் குழுவின் புதிய பருவத்துக்கான சுவரொட்டி. நான்கு நாடகங்களின் பெயர்கள், கீழே கொட்டை எழுத்தில் ‘தொண்டர்கள் தேவை’. இருபத்தைந்தாம் தேதி முதல் நாடகம் மேடையேறாவிட்டால் அரங்கை உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள் உயிரைக் கொடுத்து நடத்தும் குழு அது.

கதவில் எல்லார் கண்ணிலும் படுகிற இடம் ஒன்றுதான். அங்கே பென்காவின் மரண அறிவிப்பு இருந்தது.

படத்தோடு அச்சடித்து வாசலில் ஒட்டும் அந்தத் தாளை ஊரில் யாரும் தொடமாட்டார்கள். மழையும் வெயிலும்தான் அதைக் கிழிக்க வேண்டும். பென்கா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. முப்பது வருஷம் மேடைக்கு அடியிலுள்ள குழியில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல், பிள்ளைகளுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள். ரூமியானாவுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அவசரம் கண்ணை மறைத்தது. சுவரொட்டியை அந்த முகத்தின் மேலேயே வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் தச்சர் லூபென் வந்ததும் அதைக் கண்டு முகம் சுளித்தார்.

“உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா ரூமி? அந்தம்மா உயிரோட இருந்தப்பவே கோவக்காரி.”

“அவங்க இருந்திருந்தா ஒட்டுன்னுதான் சொல்லியிருப்பாங்க. நீங்க போய் விளக்கைப் போடுங்க.”

குழியில் உட்கார ஆளில்லாமலே ஒத்திகை தொடங்கியது. இளவரசியாக ரூமியானாவின் மகள் யானா. பதினோரு வயது, படுமறதிக்காரி. இரண்டாம் காட்சியில் வழக்கம்போல நின்றுவிட்டாள். ரூமியானா பிரதியில் அந்த வரியைத் தேடுவதற்குள், யானா குழியின் பக்கம் தலையைச் சாய்த்தாள். வசனத்தைச் சரியாகச் சொன்னாள்.

மறுபடி மறந்தாள். மறுபடி சாய்ந்தாள்.

மறுபடி சரியாகச் சொன்னாள்.

குழியிலிருந்து புதினா மிட்டாய் வாடை வந்தது. தொண்டை வறளாமலிருக்க பென்கா எந்நேரமும் வாயில் அடக்கிக்கொள்வது. கூடவே ஈர மண் வாடை.

லூபென் விளக்குப் பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு பென்கா பழக்கியிருந்தது ஒன்றே ஒன்று. குழியிலிருந்து எது வந்தாலும் யோசிக்கக் கூடாது, அப்படியே சொல்லிவிட வேண்டும். யானா அப்படியே சொன்னாள், இளவரசியின் குரலில், கைகளை விரித்து.

“என் மூஞ்சி மேல ஒட்டினதை எடுங்க. மூச்சு முட்டுது.”

பிரதியில் அந்த வரி இல்லை.

ரூமியானா வாசலுக்கு ஓடினாள். மன்னித்துவிடுங்கள் பென்கா அத்தை என்று முணுமுணுத்தபடியே சுவரொட்டியை உரித்தாள். பசை ஈரத்தில் அடியிலிருந்த தாளும் ஊறிப்போயிருந்தது. பென்காவின் பெயர் கதவிலேயே தங்கிவிட, முகம் மட்டும் பிய்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. உள்ளே லூபென் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். குழியில் காலி நாற்காலியும் தூசியும்தான் இருந்தன.

இருபத்தைந்தாம் தேதி அரங்கு நிரம்பி வழிந்தது. யானா ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நாடகம் முடிந்ததும் ஆறு பேர் தொண்டர்களாகப் பெயர் கொடுத்தார்கள். நகராட்சிக்காரரே எழுந்து நின்று கைதட்டினார். அன்றுதான் ரூமியானா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவில் இன்னொரு துண்டு வேண்டுமா என்று மகளைக் கேட்டாள். யானா தரையை நோக்கித் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு வேண்டாம் என்றாள். பால் வேண்டுமா என்றதற்கும் அப்படித்தான்.

ரூமியானா தட்டை மேசையில் வைத்தாள்.

“யாரைக் கேட்டுடி பதில் சொல்ற?”

யானா மறுபடி குனிந்தாள். இந்த முறை அதிக நேரம் ஆயிற்று.

“அதைச் சொல்லக் கூடாதாம், அம்மா.”